இரண்டு அக்கா பிள்ளைகளுக்காக நடந்த தாய்மாமன்: புனித புரூனோவின் கல்லறையில் ஒரு மாலை

ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ரயிலை விட்டு இறங்கினால் ஸ்டேஷன் வாசலிலேயே பேராலயம் நிற்கிறது, அதைத் தாண்டிப் போக யாருக்கும் மனசு வராது. 1164-ல் மிலான் நகரத்திலிருந்து கொண்டுவந்த மூன்று ராஜாக்களின் திருப்பண்டங்கள் இருக்கும் தங்கப் பேழை முன்னால் நானும் முழங்கால் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஆனால் இந்த முறை நான் கிளம்பி வந்தது வேறொருவரைப் பார்க்க. அங்கிருந்து தெற்கே அரை மணி நேரம் நடந்தால் புனித பந்தலேயோன் ஆலயம். அதன் நிலவறையில்தான் பேராயர் புரூனோ இருக்கிறார்.

அவர் திருநாள் அக்டோபர் 11. லீவு கிடைக்காததால் அடுத்த சனிக்கிழமைதான் போக முடிந்தது.

புரூனோ அரண்மனைப் பிள்ளை. அப்பா ஜெர்மனியின் அரசர் முதலாம் ஹென்றி, அம்மா மெட்டில்டா, அந்த அம்மாவும் ஒரு புனிதை. 925-ல் பிறந்த இவர்தான் வீட்டின் கடைக்குட்டி. நாலு வயதிலேயே படிக்கட்டும் என்று உட்ரெக்ட் ஆயரிடம் அனுப்பிவிட்டார்கள், நாலு வயது என்றால் நம் வீடுகளில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிடுகிற வயது. 936-ல் அப்பா இறந்தார். பெரிய அண்ணன் ஒட்டோ அரசரானார், சின்ன அண்ணன் ஹென்றிக்கு அது பொறுக்கவில்லை. 941 பாஸ்கா விழாவிலேயே ஒட்டோவைக் கொல்லத் திட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். அதே வருடம் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் அவரை மன்னித்துவிட்டார். இப்படிப்பட்ட வீட்டில் படிப்பும் செபமுமாக வளர்ந்தவர் இவர்.

புரூனோ இறந்த சில வருடங்களிலேயே ரூட்கர் என்ற துறவி அவருடைய வாழ்க்கையை எழுதி வைத்தார். அதில் இரண்டு விஷயங்கள் என் மனதை விட்டுப் போவதே இல்லை. ஒன்று, எங்கே பயணம் போனாலும் தன் புத்தகங்களை உடன்படிக்கைப் பேழையைப் போலக் கூடவே தூக்கிப் போவாராம். இன்னொன்று, சுற்றி நிற்கும் வேலைக்காரர்கள் விலையுயர்ந்த துணியும் படைவீரர்கள் பொன்னுமாக மின்ன, நடுவில் அவர் மட்டும் குடியானவன் போடுகிற ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு இருப்பாராம்.

953-ல் ஒட்டோவின் சொந்த மகனும் மருமகனுமே சேர்ந்து அவருக்கு எதிராகக் கிளம்பினார்கள். அந்த வருடம்தான் புரூனோ கொலோன் பேராயரானார். மருமகன் கையிலிருந்த லோத்தரிங்கியா நாட்டையும் அண்ணன் இவரிடமே கொடுத்துவிட்டார். வயது இருபத்தெட்டுதான்! ஆயர் ஒருவர் எப்படி நாட்டையும் ஆளலாம் என்று அன்றைக்கே குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை, வீடு பற்றி எரியும்போது தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சரி, நான் இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் அவருடைய அக்காமார். கெர்பெர்கா பிரான்ஸ் அரசர் நான்காம் லூயிக்கு வாழ்க்கைப்பட்டவர். ஹாட்விக், அதே பிரான்ஸில் அரசரை விடச் செல்வாக்குள்ள பிரபு ஹியூகோவின் மனைவி. ஆக அரசரும் பிரபுவும் சகலைகள். ஆனால் 945-ல் அரசரையே சிறையில் வைத்தார் அந்தச் சகலை. 954-ல் லூயி போனார், 956-ல் ஹியூகோவும் போனார். பிள்ளைகளோடு நின்ற இரண்டு அக்காமாருக்கும் ஒரே துணை, தம்பிதான். ஒருபக்கம் கெர்பெர்காவின் மகன் லோத்தேர், சிறுவயதிலேயே முடிசூட்டப்பட்ட அரசர். இன்னொரு பக்கம் ஹாட்விக்கின் மகன் ஹியூ கப்பே. பின்னாளில் 987-ல் இவரும் பிரான்ஸின் அரசரானார். இருவருக்கும் இவர் தாய்மாமன். தாய்மாமன் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

965 கோடையில் குடும்பமே கொலோனில் கூடியது. அப்போது பேரரசராகிவிட்ட ஒட்டோ, வயதான அம்மா, கெர்பெர்கா, பேரப்பிள்ளைகள் எல்லோரும். அந்த இலையுதிர் காலத்திலேயே அக்கா பிள்ளைகளுக்குள் மறுபடி சண்டை. சமாதானம் செய்துவைக்க புரூனோ பிரான்ஸுக்குக் கிளம்பினார், போன இடத்தில் காய்ச்சலில் விழுந்து, அக்டோபர் 11 அன்று ரைம்ஸ் நகரத்தில் இறந்துபோனார். நாற்பது வயது. உடலை கொலோனுக்குக் கொண்டுவந்து, அவர் கேட்டுக்கொண்டபடியே, அவர் தொடங்கிய பந்தலேயோன் மடத்திலேயே 19-ம் தேதி அடக்கம் செய்தார்கள். அம்மா மெட்டில்டா அப்போது உயிரோடு இருந்தார்.

ஆலயத்தைச் சுற்றி மதிலும் பெரிய மரங்களும். உள்ளே நுழைந்ததும் சிவப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வைத்த வளைவுகள். இன்னொரு பக்கம் பேரரசி தியோபானுவின் வெள்ளைப் பளிங்குக் கல்லறை, அவர் ஒட்டோவின் மருமகள், கிரேக்க நாட்டுப் பெண், அதனாலேயே கிரேக்கப் புனிதரான பந்தலேயோனின் காலடியில் இருக்க விரும்பியிருக்க வேண்டும். ஆனால் என் கால் அங்கே நிற்கவில்லை. படி இறங்கிக் கீழே போனேன். தாழ்ந்த கூரை, குளிர்ந்த காற்று, நடுவில் ஒரு கல்பெட்டி. பொன்னும் இல்லை, பூவேலையும் இல்லை. விளிம்பில் கை வைத்தேன், அந்தக் குளிர் மணிக்கட்டு வரை ஏறியது. ஆட்டுத்தோல் போர்த்தியவருக்கு இது போதும் என்று தோன்றியது.

எனக்கும் இரண்டு அக்கா. அவர்கள் மகன்கள் இருவரும் சேர்ந்து கடை வைத்து, கணக்கில் மனஸ்தாபம் வந்து, மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சின்னவன் கல்யாணத்துக்குப் பெரியவன் வரவில்லை. “நீ ஒரு வார்த்தை சொல்லுடா, உன் பேச்சைக் கேட்பாங்க” என்று பெரியக்கா எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். தூர தேசத்தில் இருக்கிறவன், நான் எதற்கு நடுவில் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்தக் கல்மேல் கை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இருவர் பெயரையும் சொல்லிச் செபமாலையில் ஒரு பத்து மணி உருட்டினேன், மேலே வந்து இருவருக்குமாக ஒரே மெழுகுதிரி ஏற்றினேன்.

வெளியே வந்தபோது ஐந்து மணி. ஊரில் எட்டரை, கடை அடைக்கிற நேரம். மதிலோரம் நின்று போன் போட்டேன். முதலில் சின்னவனுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. அப்புறம் பெரியவனுக்கு. இரண்டாவது மணியிலேயே எடுத்து, “சொல்லுங்க மாமா” என்றான்.