எட்டு போட்டவனைக் கவிழ்த்த நேர்கோடு: தைவானில் ஸ்கூட்டர் லைசென்ஸ்

திண்டுக்கல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் பதினெட்டு வயதில் கால் ஊன்றாமல் எட்டு போட்டவன் நான். அதற்கப்புறம் பத்து வருடம் ஸ்ப்ளெண்டர்தான். மழை, சேறு, பழனி ரோட்டுப் பேருந்துகள் எல்லாம் பார்த்தாயிற்று. அப்படிப்பட்டவன் 2019 நவம்பரில் தைவானின் சின்ச்சு நகரத்தில், வளைவே இல்லாத பதினைந்து மீட்டர் நேர்கோட்டில் கால் ஊன்றித் தோற்றுப்போனேன். எனக்கு முன்னால் போன கல்லூரிப் பெண் சர்ரென்று போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆராய்ச்சிக்காக இங்கே வரும் நம்மூர்ப் பிள்ளைகள் வந்த மறுமாதமே என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, லைசென்ஸ் எடுப்பது கஷ்டமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

முதலில், லைசென்ஸ் எதற்கு என்பது. இரண்டு கோடியே முப்பது லட்சம் பேர் வாழும் தைவானில் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான இருசக்கர வண்டிகள் ஓடுகின்றன. தைபேயில் மெட்ரோ இருக்கிறது, சமாளிக்கலாம். சின்ச்சு மாதிரி ஊரில் இரவு பத்து மணிக்கு ஆய்வகத்திலிருந்து கிளம்புகிறவனுக்கு ஸ்கூட்டர்தான் கால். லைசென்ஸ் இல்லாமலே நண்பனின் வண்டியை ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அபராதத்தை விடுங்கள். விபத்து நடந்தால் கட்டாயக் காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவரிடம் அதைத் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மாத உதவித்தொகையில் வாழ்கிறவனுக்கு அந்த ஒரு வரி போதும்.

ஊர் லைசென்ஸை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று நான் முயலவே இல்லை. அது பர்ஸோடு ஒரு பேருந்தில் தொலைந்து போயிருந்தது. ஆகவே புது ஆளாகத்தான் தேர்வு எழுதினேன். பின்னோக்கிப் பார்த்தால் அதுவே நல்லதாகப் போயிற்று.

எடுக்க வேண்டியது 'சாதாரண கனரக' என்ற வகை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், 250 சிசி வரை ஓட்டலாம் என்பதுதான் அர்த்தம். தெருவில் பார்க்கும் 125 சிசி ஸ்கூட்டர்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், குடியிருப்பு அட்டை வேண்டும், பாஸ்போர்ட் அளவைவிடச் சிறிய புகைப்படங்கள் சில வேண்டும். உடல் தகுதிச் சான்றை, தேர்வு நடக்கும் போக்குவரத்து அலுவலகத்துக்குப் பக்கத்துக் கிளினிக்கிலேயே வாங்கினேன். கண், காது, நிறம் தெரிகிறதா என்று பார்த்தார்கள், கை விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார்கள், ஒருமுறை குந்தி எழச் சொன்னார்கள். நம்மூர்க்காரனுக்கு அது ஒரு சோதனையா! தேர்வுக் கட்டணம் 250 தைவான் டாலர், பாஸானால் அட்டைக்கு 200. நான் கொடுத்த கணக்கு இது. தேதியை இணையத்திலேயே முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கோடை விடுமுறையில் மட்டும் போகாதீர்கள். அப்போதுதான் பதினெட்டு முடித்த பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நிற்பார்கள்.

எழுத்துத் தேர்வு கணினியில். ஐம்பது கேள்வி, ஒன்றுக்கு இரண்டு மதிப்பெண், 85 எடுத்தால் பாஸ். அதாவது ஏழு தப்பு வரை தாங்கும், எட்டாவது தப்பில் வீட்டுக்குப் போகலாம். ஆங்கிலத்தில் எழுதலாம். வியட்நாமியம், இந்தோனேசியம், தாய் மொழிகளும் உண்டு, தமிழ் இல்லை. கேள்வி வங்கி முழுவதும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலிருந்துதான் கேட்பார்கள்.

இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். பத்து வருடம் ஓட்டியவனுக்கு இதையெல்லாம் படிக்க வேண்டுமா என்ற மிதப்பு. மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பார்த்தால் 68. எங்கே தப்பு என்று உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. தெரியாத கேள்விகளில் நான் அவ்வளவாகத் தவறவில்லை. 'தெரிந்த' கேள்விகளில்தான் தவறியிருக்கிறேன். நம்மூரில் ஃப்ரீ லெஃப்ட் என்று ஒன்று உண்டல்லவா? இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன, அதற்கு ஈடானது வலது திருப்பம். சிவப்பு விளக்கில் அது கிடையவே கிடையாது. ஹார்ன் பற்றிய கேள்விகளில் என் கை தானாகவே 'அடிக்கலாம்' பக்கம் போனது. ஆக, எனக்குப் படிப்பு என்பது பழையதை மறப்பதாகத்தான் இருந்தது.

எண்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்தேன். வேகப் பலகை இல்லாத சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், கோடு பிரித்த மெதுவான தடத்தில் 40, நடுவே கோடே போடாத சந்துச் சாலையில் 30. மூச்சில் ஆல்கஹால் அளவு லிட்டருக்கு 0.15 மில்லிகிராமைத் தொட்டாலே குற்றம். இந்த மாதிரிக் கேள்விகளை யோசித்து எழுத முடியாது. மற்றவை சாலைக் குறிகளும் பொது அறிவும். தினமும் அரை மணி நேரம் வீதம் பத்து நாள் போதும். பேருந்தில் போகும்போது போனில் போட்டுக்கொண்டே போனேன். 94 வந்தது.

முதன்முறை எடுப்பவர்கள் ஓட்டிக் காட்டும் முன்பு ஒரு பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும். எனக்கு ஒன்றரை மணி நேரம். தூங்கலாம் என்று போனேன், தூக்கம் வரவில்லை. சாலைக் கேமராக்களில் பதிவான விபத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார்கள். பெரிய லாரி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியே போகாது, உள்பக்கமாக வெட்டி வரும். முன்பகுதி நம்மைத் தாண்டிவிட்டதே என்று பக்கத்தில் நிற்கிற ஸ்கூட்டர்காரர் அந்த இடைவெளிக்குள் மாட்டுவார். டிரைவரின் கண்ணாடியில் அவர் தெரியவும் மாட்டார். ஊரில் மணல் லாரிகளுக்குப் பக்கத்தில் எத்தனை முறை இப்படி நின்றிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தபோது உள்ளங்கை வியர்த்தது. அன்று நடந்ததிலேயே உருப்படியானது அந்த வகுப்புதான் என்பேன்.

சரி, அந்தக் கோட்டுக்கு வருவோம்.

பதினைந்து மீட்டர் நீளம், நாற்பது சென்டிமீட்டர் அகலம். இரண்டு பக்கமும் உணர்கருவி பதித்த விளிம்பு. அதற்குள் ஏழு வினாடிக்குக் குறையாமல் ஓட்டிப் போக வேண்டும். சக்கரம் விளிம்பைத் தொட்டால் மணி அடிக்கும். விளிம்பைத் தொட்டாலோ கால் தரையில் பட்டாலோ 32 மதிப்பெண் போகும். பாஸ் ஆக நூற்றுக்கு 70 வேண்டும், ஆகவே அங்கேயே கதை முடிந்தது. மீதி மைதானத்தை எவ்வளவு அழகாக ஓட்டினாலும் பயனில்லை.

எட்டு போடும்போது நாம் கற்றது கிளட்ச்சை அரைகுறையாகப் பிடித்து வண்டியை ஊர விடுவது. ஸ்கூட்டரில் கிளட்ச் ஏது? என் இடது கை பழக்கதோஷத்தில் அழுத்தியது பின்பிரேக்கை. வண்டி நின்றது, கால் ஊன்றியது, மணி அடித்தது. எல்லாம் மூன்று வினாடிக்குள். சின்ச்சுவைக் 'காற்றின் நகரம்' என்பார்கள். குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று ஆளைத் தள்ளும், அந்தக் காற்றில் காயவைத்துத்தான் இவ்வூரின் பேர்போன அரிசி நூடுல்ஸே செய்கிறார்கள். அன்றைக்கும் காற்று இருந்தது. ஆனால் காற்றைக் குறை சொன்னால் முன்னால் போன அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது?

தோற்றவர்கள் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி வரலாம். எழுத்துத் தேர்வின் முடிவு ஒரு வருடம் செல்லும் என்பதால் அதைத் திரும்ப எழுத வேண்டாம். அன்று மாலை கேன்டீனில் எங்கள் வளாகத்து அக்கா ஒருவரிடம் புலம்பினேன். திருநெல்வேலிக்காரர். ஊரில் சைக்கிள் தவிர எதையும் ஓட்டாதவர், இங்கே முதல் முயற்சியிலேயே பாஸானவர்.

"நீ எவ்வளவு மெதுவாப் போனே?" என்று கேட்டார்.

"முடிஞ்ச அளவு மெதுவா, அக்கா. ஏழு வினாடி ஆகணுமே."

"கணக்குப் போட்டுப் பாத்தியா? நீயெல்லாம் என்ன இயற்பியல் படிச்சே?"

பேப்பர் நாப்கினில் போட்டுப் பார்த்தேன். பதினைந்தை ஏழால் வகுத்தால் வினாடிக்கு 2.1 மீட்டர். மணிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேல். அதாவது நடப்பதைவிட வேகம், சாவகாசமாக மெல்லோட்டம் ஓடுகிற ஆளின் வேகம். ஊர்ந்து போவதைவிட அந்த வேகத்தில் ஸ்கூட்டரை நிமிர்த்திப் பிடிப்பது சுலபம். நானோ பயத்தில் ஆமைபோல நகர்ந்து பதினைந்து இருபது வினாடி எடுக்கப் பார்த்திருக்கிறேன். இந்தத் தேர்வில் வேகமாகப் போய்த் தோற்கிறவர்களும் உண்டுதான். ஆனால் நான் பார்த்த நம்மவர்கள் பெரும்பாலும் அதிகப்படியாக மெதுவாகப் போய்த்தான் விழுகிறார்கள்.

தேர்வு இல்லாத நேரத்தில் அந்த மைதானத்தையே பயிற்சிக்குத் திறந்து விடுகிறார்கள். அந்த வாரம் மூன்று மாலை ஆய்வகத் தோழன் ஒருவன் என்னைத் தன் ஸ்கூட்டரிலேயே பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். கோட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்பே கிளம்பி, இரண்டு காலையும் தூக்கிப் பலகையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே போய்க் காலைத் தூக்கினால் வண்டி ஆடும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. மைதானத்தின் கடைசியில் இருந்த ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். ஆக்சிலேட்டரைச் சிறிது திறந்து அப்படியே வைத்துவிட்டு, இடது கைப் பிரேக்கை மட்டும் லேசாகத் தடவிக்கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்துவது அவன் சொல்லிக் கொடுத்தது. 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று வாய்க்குள் எண்ணினேன். ஒன்பதில் வெளியே வந்தால் கச்சிதம். நாற்பது ஐம்பது முறை போனபின் சலிப்பே வந்துவிட்டது. அந்தச் சலிப்பு வரும்வரை பழகுங்கள்.

கோட்டைத் தாண்டினால் மீதி எல்லாம் ஒழுங்கு மட்டும்தான். தடம் மாறும் முன் இண்டிகேட்டர், மாறியதும் அணைக்க வேண்டும். சிவப்பு விளக்கில் நிறுத்தற்கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், முன்சக்கரம் கோட்டில் ஏறினால் அங்கேயும் மணி. ரயில்வே கேட்டில் ரயில் வராது என்று உலகத்துக்கே தெரிந்தாலும் நின்று, இரு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். கண்ணை மட்டும் உருட்டினால் தேர்வாளருக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் நாடகம் மாதிரியே தலையை ஆட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நமக்கு முற்றிலும் புதியது இரண்டு கட்ட இடது திருப்பம். பெரிய சந்திப்புகளில் ஸ்கூட்டர் நேரடியாக இடப்பக்கம் திரும்பக் கூடாது. பச்சையில் நேராகப் போய், குறுக்குச் சாலையின் வண்டிகளுக்கு முன்னால் தரையில் வரைந்திருக்கும் கட்டத்துக்குள் நின்று, வண்டியை இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு, அந்தச் சாலைக்குப் பச்சை வரும்வரை காத்திருக்க வேண்டும். முதல்முறை பார்க்கும்போது சுற்றுவழியாகத் தோன்றும். எதிரே வரும் வண்டிகளின் ஊடே புகுந்து திரும்புவதைவிட எவ்வளவோ நிம்மதி. தேர்வில் இந்தக் கட்டத்தை மறந்து நேராகத் திரும்புகிறவர்களில் நம்மவர்கள் நிறைய. காலையிலேயே போய் மற்றவர்கள் ஓட்டுவதை வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். பத்துப் பேரைப் பார்த்தால் பாதை மனசில் பதிந்துவிடும், சீன மொழி அறிவிப்பு புரியாவிட்டாலும் தடுமாற மாட்டீர்கள்.

தேர்வுக்குச் சொந்த வண்டி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நான் பக்கத்தில் இருந்த கடையில் வாடகைக்கு எடுத்தேன். ஆனால் எடுத்தவுடன் அதன் பிரேக்கை இரண்டு மூன்று முறை அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு வண்டியிலும் பிரேக் ஒவ்வொரு மாதிரி பிடிக்கும்.

இரண்டாம் முறை கோட்டில் எட்டு வினாடி, மொத்தத்தில் மதிப்பெண் குறையவே இல்லை. அரை மணி நேரத்தில் அட்டை கைக்கு வந்துவிட்டது.

சீன மொழியில் ஸ்கூட்டருக்கு 'ஜி-ச்சே' என்பார்கள். தொல்லை பிடித்த ஆளைத் திட்டவும் இங்கே அதே சொல்தான். "ஜி-ச்சே வாங்கப்போகிறேன்" என்று ஆய்வகத்தில் நான் சொன்னபோது எல்லோரும் சிரித்ததன் காரணம் பல நாள் கழித்துத்தான் விளங்கியது. பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் பெயர் மாற்றமும் அதே அலுவலகத்தில்தான். விற்பவர் பேரில் கட்டாத அபராதம் பாக்கி இருந்தால் மாற்றித் தர மாட்டார்கள், கட்டாயக் காப்பீடும் நடப்பில் இருக்க வேண்டும். அதனால் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடாமல், விற்பவரையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், கவுன்ட்டரில் பாக்கி இல்லை என்று சொன்ன பிறகு கொடுங்கள்.