நாட்டுக்கொடி ஏறாத ஒலிம்பியாட்

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை 1920, 1924 ஒலிம்பிக் போட்டிகள் இரண்டுக்கும் அழைக்கவில்லை. அந்த ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில்தான் 1925 ஜூலையில் முதல் தொழிலாளர் ஒலிம்பியாட் நடந்தது. 'இனிப் போர் வேண்டாம்' என்பதே முழக்கம். நாட்டுக்கொடி, நாட்டுப்பண் எதுவும் இல்லை. எல்லோருக்கும் பொதுவாகச் செங்கொடியும் 'இன்டர்நேஷனல்' என்ற உலகத் தொழிலாளர் பாட்டும். நடத்தியது, 1920இல் லூசெர்ன் நகரில் உருவான சோசலிசத் தொழிலாளர் விளையாட்டு அகிலம், அதாவது பல நாட்டுத் தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு.

இந்தத் தொழிலாளர் ஒலிம்பியாட்களில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது 1931இல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் நடந்தது. நகராட்சி சோசலிஸ்டுகள் கையில் இருந்தது. 1928இல் அடிக்கல் நாட்டிய பிராட்டர் மைதானத்தை 1931 ஜூலை 11 அன்று திறந்தார்கள். அடுத்த வாரமே ஒலிம்பியாட். 26 நாடுகள், சுமார் 80,000 பேர். மறு ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சுமார் 1,300 வீரர்கள்தான். ஆனால் இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியல்ல. அங்கே தேர்வாகி வந்தவர்களுக்கு மட்டும் இடம். வியன்னாவில் கூட்டு உடற்பயிற்சிக்கு வரிசையில் நின்ற தையல்காரரும் கணக்கில் உண்டு. அந்த வரிசைதான் விழாவின் உயிர். ஓட்டமும் கால்பந்தும் அதற்குத் துணை. மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் நடித்த நாடகத்தில் முதலாளித்துவத்தின் உருவகமாக வைத்த பிரம்மாண்டத் தலையைக் கவிழ்த்தார்கள்.

இயக்கத்தைப் பலவீனப்படுத்தியது உட்பிளவு. மாஸ்கோ சார்பான சிவப்பு விளையாட்டு அகிலம் 1921இலேயே தனியாகப் போய்விட்டது. பிராங்க்பர்ட்டில் அதற்கு இடமில்லை. 1928இல் மாஸ்கோவில் ஸ்பார்டகியாட் என்று தனி விழா. 1931இல் வியன்னா ஒரு பக்கம், பெர்லினில் இன்னொரு ஸ்பார்டகியாட் மறுபக்கம். பெர்லின் விழாவுக்குத் தடை விழுந்தது. ஒரே ஆலையில் வேலை செய்தவர்கள் ஒருவரோடொருவர் விளையாட மறுத்த காலம் அது. இந்தச் சண்டை ஓய்வதற்குள், 1933இல் ஜெர்மன் தொழிலாளர் சங்கங்களை ஹிட்லர் ஒழித்துக்கட்டினார். 1934 பிப்ரவரியில் ஆஸ்திரியாவிலும் அதே கதி. அகிலத்தின் முதுகெலும்பே இந்த இரு நாடுகள்தான்.

1936இல், பெர்லின் ஒலிம்பிக்குக்கு எதிராக ஸ்பெயினின் பார்சிலோனாவில் மக்கள் ஒலிம்பியாட் ஏற்பாடானது. தொடக்க நாள் ஜூலை 19. அன்று காலை ராணுவக் கிளர்ச்சி பார்சிலோனா தெருக்களுக்கு வந்துவிட்டது. வந்திருந்த வெளிநாட்டு விளையாட்டாளர்களில் சிலர் ஊர் திரும்பாமல் அங்கேயே துப்பாக்கி ஏந்தினார்கள்.

ஒருவழியாக 1937 ஆன்ட்வெர்ப் ஒலிம்பியாடில் சோவியத் அணியும் கலந்துகொண்டது. அடுத்தது 1943இல் ஹெல்சிங்கியில் என்று முடிவானது. அதற்குள் மறுபடி போர்.