மூன்று எழுத்து விடுபட்டால்

ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தி மென்பொருளின் நிரல்மொழியான ஈமேக்ஸ் லிஸ்பின் கையேட்டில் எழுத்துப்பிழை தேடுவதுதான் இப்போது என் இரவு வேலை. ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் கண் எளிதில் தவறவிடும். வரியின் கடைசியில் ஒன்று, அடுத்த வரியின் தொடக்கத்தில் இன்னொன்று என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் வரி முறிவையும் தாண்டிப் பார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பை விவரித்துத் தேடும் குறிமுறை) ஒன்றை வைத்துத் தேடுகிறேன்.

நான் உண்மையில் பயப்படுவது வேறு வகைப் பிழைக்கு. லிஸ்பில் 'நில்' (nil) என்ற மதிப்பு என்றால் பொய். மற்ற எல்லா மதிப்பும் மெய். கையேடு அவற்றை 'நான்-நில்' (non-nil) என்று எழுதும். அந்த முன்னொட்டின் மூன்று ஆங்கில எழுத்தும் விடுபட்டால், வாக்கியம் பார்க்கச் சரியாகவே இருக்கும், பொருள் தலைகீழாகிவிடும். எண்களும் அப்படித்தான்: ஸ்ட்ரிங்கில் (எழுத்துச் சரத்தில்) இடம் 0-இல் தொடங்குகிறது, பஃபரில் (ஈமேக்ஸ் திருத்தும் உரையை வைத்திருக்கும் இடத்தில்) 1-இல். எழுத்துச் சரிபார்ப்பு மென்பொருள் எதுவும் இதைப் பிடிக்காது. எடுத்துக்காட்டு நிரலை ஓட்டிப் பார்த்த பிறகே நான் கை வைக்கிறேன்.

கையேட்டின் மூலம் டெக்ஸ்இன்ஃபோ என்ற ஆவணக் குறிமொழியில் இருப்பதால், திருத்திய பின் ஒருமுறை கையேட்டை உருவாக்கிப் பார்ப்பேன். நேற்று அனுப்பிய பேட்சில் (திருத்தங்களை மட்டும் காட்டும் கோப்பில்) ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருந்தது. சரி, அதற்கும் ஒழுங்காக ஒரு மாற்றக் குறிப்பு எழுதி அனுப்பினேன்.