மத்தியானம் ஓடுச்சே தம்பி

"நேத்து மத்தியானம் ஓடுச்சே தம்பி" என்று, கடை கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் நின்றபோது அந்த அக்கா இரண்டு தடவை சொன்னார். பழுது பார்க்கிற நான் இரண்டு தடவையும் "போர்டு போயிருச்சுக்கா" என்றுதான் சொன்னேன், மதர்போர்டே செத்துவிட்டது என்று. அவசரத்தில் சொன்னதில்லை. எல்லாம் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அதனால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

அன்று அளந்ததை வரிசையாகச் சொல்கிறேன், யாராவது தப்பு கண்டுபிடிக்கட்டும். சுவிட்சை அழுத்தினால் ஃபேன் அசையவில்லை, விளக்கு எரியவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை (போர்டுக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி) தனியாகக் கழற்றி, போர்டு இல்லாமலே அதை ஓட வைக்க 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கருப்பு வயரையும் சேர்த்தேன். வெறுமனே சேர்க்கக் கூடாது, லோடுக்கு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்ட வேண்டும். ஓடியது. மஞ்சளில் 12.1 வோல்ட், சிவப்பில் 5.06, ஆரஞ்சில் 3.34. ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதற்குள்தான் எல்லாம். ஃபேன் சுற்றினாலே எஸ்எம்பிஎஸ் நல்லது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சாம்பல் வயரில் 5 வோல்ட் அளவுக்கு வந்தால்தான் அது "நான் தயார்" என்று போர்டுக்குச் சொல்கிறது. அதுவும் வந்தது.

பிறகு போர்டில் செருகிய நிலையிலேயே, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் கொடுக்கிற ஊதா வயரை அளந்தேன். இதைக் கழற்றி வைத்து அளந்தால் ஏமாந்து போவோம். கெப்பாசிட்டர் நொந்த எஸ்எம்பிஎஸ் லோடு இல்லாதபோது 5 காட்டும், போர்டில் மாட்டியதும் 4.2க்கு இறங்கிவிடும். இங்கே 5.03 நின்றது. எஸ்எம்பிஎஸ்ஸை ஓடச் சொல்லிப் போர்டு கேட்கிற பச்சை வயரில் 4.7. பவர் சுவிட்சை அழுத்தும்போது அது பூஜ்யத்தை ஒட்டி இறங்க வேண்டும். இறங்கவில்லை. கேபினெட் சுவிட்ச் துருப்பிடித்திருக்கலாம் என்று அந்த வயரைக் கழற்றி, இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் சேர்த்துத் தொட்டேன், சுவிட்சை அழுத்துவது போலத்தான் அது. அப்போதும் அசையவில்லை. யுஎஸ்பி எல்லாவற்றையும் பிடுங்கினேன். ராமைக் கழற்றினேன். பேட்டரி 2.71 காட்டியது, புது சிஆர்2032 போட்டேன். போர்டின் செட்டிங்கை அழிக்க சீமாஸ் ஜம்பரை மாற்றி வைத்து எடுத்தேன். ராம் ஸ்லாட்டையும் சுற்றுவட்டாரத்தையும் 99 சதவீத ஐபிஏவால் (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) துடைத்தேன்.

எஸ்எம்பிஎஸ் கொடுக்கத் தயாராக நிற்கிறது, போர்டு கேட்கவே மாட்டேன் என்கிறது. இந்த இடத்தில் எந்த மெக்கானிக்கும் போர்டு டெட் என்றுதான் சொல்வார். நானும் சொன்னேன்.

பிளஸ் டூ முடிவு வந்த வாரம் அது. அவர் கடை வாசலில் பிள்ளைகள் கவுன்சிலிங் விண்ணப்பம் போட நின்றுகொண்டிருந்தார்கள். "உறுதியாத்தானே சொல்றீங்க?" என்று கேட்டார். "உறுதிதாங்க்கா." பழைய பிராசசரும் ராமும் அப்படியே பொருந்துகிற டிடிஆர்3 போர்டு ஒன்று என்னிடம் இருந்தது. 3,200 ரூபாய். சாயங்காலமே ஓடியது.

மூன்று வாரம் கழித்து, பழைய போர்டில் ஏதாவது உதிரிக்கு ஆகுமா என்று ஒரு மத்தியானம் பெஞ்சில் மாட்டித் தொட்டேன். ஃபேன் சுற்றியது. மறுநாள் காலை ஏழரைக்குத் தொட்டேன், சுற்றவில்லை. மத்தியானம் மறுபடி சுற்றியது.

அதற்குப் பிறகுதான் அன்று அளக்காத ஒன்றை அளந்தேன். பவர் சுவிட்ச் பின். போர்டில் கரண்ட் இருக்கும்போது, யாரும் தொடாத நிலையில், அந்தப் பின்னில் 3.3 வோல்ட் நிற்க வேண்டும் (சில போர்டில் 5). சுவிட்சை அழுத்தினால் அது தரைக்கு இறங்கும், அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் போர்டு விழிக்கும். காலையில் அதில் 0.7 வோல்ட்தான் நின்றது. மத்தியானம் 2.9. ஏற்கெனவே கீழே கிடக்கிற பின்னை எத்தனை தடவை தொட்டு என்ன, இறங்குவதற்கு இடம் இருந்தால்தானே. யாரோ சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று போர்டு நினைத்துக்கொண்டிருந்தது.

அழுத்திக்கொண்டிருந்தது உப்பு. அவர் கடை ஜன்னல் தென்கடலைப் பார்த்தது, கச்சான் காற்று நேராக உள்ளே வரும். சிபியு தரையில், முன்பக்கம் ஜன்னலைப் பார்த்து. முன்பக்க ஃபேன் இழுக்கிற காற்று முதலில் மோதுவது போர்டின் கீழ் மூலை, சுவிட்ச் பின்கள் இருக்கிற இடம். பின்களின் அடியில் கருப்பு பிளாஸ்டிக் கட்டைக்கும் போர்டுக்கும் நடுவே நூல் அளவு இடுக்கு. உப்பு அங்கேதான் உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீர் இழுத்துக் கரையும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு, அதற்கு 33 சதவீதமே போதும். ஆகவே நம் கரையில் அந்தப் படலம் முழுதாகக் காய்வதே இல்லை. காலையில் தடித்து மின்சாரத்தைக் கடத்துகிறது, வெயில் ஏறினால் மெலிகிறது. பாம்பன் பாலத்தின் இரும்பை 1914லிருந்து தின்றுவந்த அதே காற்றுதான்.

ஐபிஏவால் துடைத்தேனே என்று எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஐபிஏ எண்ணெயை எடுக்கும், சால்டர் வைத்த இடத்தில் மிஞ்சுகிற ஃப்ளக்ஸை எடுக்கும், உப்பை எடுக்காது. உப்புக்குத் தண்ணீர்தான் மருந்து. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர், மென்மையான பல் பிரஷ். முதலில் சிஆர்2032ஐக் கழற்றிவிட வேண்டும், அந்த 3 வோல்ட்டே ஈரத்தில் செம்பைக் கரைக்கும். பின் கட்டைக்கு அடியில் தண்ணீர் ஓடும்படி போர்டைச் சாய்த்து மூன்று முறை கழுவி, அதற்குப் பிறகே ஐபிஏ ஊற்றித் தண்ணீரை வெளியே தள்ளி, நிழலில் டேபிள் ஃபேன் முன்னால் ஒரு நாள். பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்று வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் வரும். வாயால் ஊதவே கூடாது. கழுவிய மறுநாள் காலை ஏழரைக்கு அந்தப் பின்னில் 3.28.

இதையெல்லாம் எழுதும்போதே ஒரு நியாயமும் கூடவே வருகிறது. அன்று எனக்கு இது தெரிந்திருந்தாலும் கழுவிக் காய ஒரு நாள் ஆகியிருக்கும். வாசலில் பிள்ளைகள். போர்டு மாற்றியதுதான் அந்த நேரத்துக்குச் சரி. அதோடு, உப்பு ஏறிய போர்டை நம்ப முடியாது. சிப்செட்டுக்கு அடியில் எவ்வளவு போயிருக்கிறதோ, அடுத்த மழைக்குள் நின்றுவிடும். இப்படித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். ஆனால் அடுத்த மழையும் வந்தது. ஐப்பசி, கார்த்திகை, வாடைக்காற்று எல்லாம் போய்விட்டது. கடை திறந்ததும் முதல் வேலையாக அதைத் தொடுகிறேன். ஒரு காலைகூட அது ஓடாமல் இருந்ததில்லை.

போர்டை மாற்றியது சரிதான் என்றாலும், "உறுதிதாங்க்கா" என்றது? அவர் சொன்ன "மத்தியானம்" என்ற ஒரு வார்த்தையில் முழு நோயும் இருந்தது. நேரத்தைப் பொறுத்து வருகிற கோளாறு செத்த சிப்பில் இருக்காது. சூட்டிலோ ஈரத்திலோதான் இருக்கும். இது எனக்குத் தெரியாததில்லை. மீட்டர் கையில் இருந்ததால் அவர் சொன்னது காதில் ஏறவில்லை. கம்ப்யூட்டர் தெரியாதவர் சொல்கிறார் என்று நினைத்தேனோ என்னவோ. அப்படி நினைக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை.

இப்போது ஸ்டார்ட் ஆகாத மெஷின் வந்தால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முன்னால் அந்தப் பின்னைத்தான் அளக்கிறேன். எந்நேரம் ஓடியது, எந்தப் பக்கம் ஜன்னல் என்று கேட்கிறேன். ராத்திரி பிளக்கில் சுவிட்சை அணைக்கச் சொல்கிறேன், ஏனென்றால் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும் ஊதா வயரின் 5 வோல்ட் போர்டில் ஓடிக்கொண்டே இருக்கும். ஈரத்தில் அதுதான் பின்னைப் பச்சை பிடிக்க வைக்கிறது. பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். பருத்தித் துணி போதும். அந்த அக்கா கடைக்கும் போய் சிபியுவை ஜன்னலிலிருந்து திருப்பி, மேசை மேல் ஏற்றி வைத்துவிட்டு வந்தேன். கூலி வாங்கவில்லை. எதற்கு வந்தேன் என்றும் சொல்லவில்லை.

கார்த்திகையில் டோனர் வாங்க வந்தவர் பெஞ்சைப் பார்த்தார்.

"அது நம்ம போர்டுதானே தம்பி?"

"ஆமாக்கா."

"ஓடுதா?"

"ஓடுதுக்கா. கழுவுனேன்."

எப்போதிலிருந்து என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டோனருக்கு நூறு ரூபாய் குறைத்து வாங்கினேன், அதற்கும் காரணம் கேட்கவில்லை. போர்டு இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறது. இன்று காலை 3.26.