லெலோங் வீடும் 41 மாதப் பாக்கியும்

வங்கி தர வேண்டிய 4,059 வெள்ளி (ரிங்கிட்) நேற்றுக் காலைதான் என் கணக்கில் ஏறியது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அதற்காக நான் பட்ட பாட்டை எழுதி வைத்தால், பினாங்கில் லெலோங் வீடு, அதாவது கடன் கட்டாததால் வங்கி ஏலம் விடும் வீடு, தேடும் யாருக்காவது உதவும்.

ஜெலுத்தோங் பக்கம் ஒரு பழைய ப்ளாட். ஆரம்ப விலை 180,000. நான் 196,000-க்கு எடுத்தேன். 18,000-க்கு பேங்க் டிராஃப்ட், ஏலம் முடிந்த கையோடு இன்னொரு 1,600. அதோடு 10 விழுக்காடு முன்பணம் சரியாகிவிட்டது. இது எனக்கு இரண்டாவது வீடு என்பதால் 90 விழுக்காடு லோன் கிடைத்தது. மூன்றாவது வீட்டு லோன் என்றால் 70-க்கு மேல் எந்த வங்கியும் தராது. கையில் மீதிப் பணம் இல்லாமல் ஏலத்தில் கை தூக்காதீர்கள். பெயர் மாற்ற முத்திரை வரி 2,920. மிச்சத்தைக் கட்ட 90 நாள் கெடு. தவறினால் கட்டிய 10 விழுக்காடும் போச்சு.

என்னை அலைய வைத்தது ஏல நிபந்தனைத் தாளில் இருந்த ஒரு பத்தி. பழைய சொந்தக்காரர் விட்டுப்போன மெயின்டனன்ஸ் (ப்ளாட் பராமரிப்புக் கட்டணம்) பாக்கியை ஏல நாள் வரைக்கும் ஏலம் விட்ட வங்கி ஏற்றுக்கொள்ளும். ஆனால் முதலில் நான் கட்ட வேண்டும். ரசீதும் மாத வாரியான கணக்கும் 90 நாளுக்குள் வங்கியின் லாயரிடம் போய்ச் சேர வேண்டும். தாமத வட்டியை மட்டும் வங்கி ஏற்காது, அது நம் தலையில். இது வங்கிக்கு வங்கி மாறும். உங்கள் தாளை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

நான் இருப்பது தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில். மோட்டாரோடு பெர்ரியில் ஏறிப் போனேன். முதல் தடவை சனிக்கிழமை மதியம், மேனேஜ்மென்ட் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. அடுத்த தடவை, சொந்தக்காரர் பட்டியலில் என் பெயர் இல்லை, அதனால் கணக்கைக் காட்ட முடியாது என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். ஏல ஒப்பந்தத்தைக் காட்டினேன். அந்தப் பெண் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை என் லாயரின் கடிதத்தோடு போனேன். அப்புறம்தான் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ஒரே வரி: மொத்தப் பாக்கி 4,735 வெள்ளி.

அதைக் கட்டி, ரசீதோடு அனுப்பினால் வங்கியின் லாயர் திருப்பி அனுப்பிவிட்டார். எந்த மாதத்துக்கு எவ்வளவு, அதில் வட்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால்தான் பணமாம். ஆபீஸில் கேட்டால், நிர்வாகக் கம்பெனி மாறிவிட்டது, பழைய கணக்குப் புத்தகம் எங்களிடம் வரவில்லை என்றார்கள். அன்று 58-ஆம் நாள். வயிறு கலங்கிவிட்டது.

இதற்கிடையில் இன்னொரு கவலை, வீட்டுக்குள் ஆள் இருந்தார்கள். லெலோங் வீட்டைக் காலி செய்து கொடுப்பது வங்கியின் வேலை இல்லை. சில ஏஜென்டுகள் பூட்டை மாற்று, கரண்ட்டை வெட்டு என்பார்கள். செய்யாதீர்கள். போக மறுத்தால் கோர்ட் உத்தரவு வாங்கித்தான் வெளியேற்ற வேண்டும். அதற்கு ஆகும் மாதங்களையும் செலவையும் ஏலத்துக்கு முன்பே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஆபீஸிலிருந்து நேராக மேலே போய்க் கதவைத் தட்டினேன். அறுபது வயது இருக்கும் ஒரு ஆன்ட்டி, வாடகைக்கு இருப்பவர். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி, நான் மாசா மாசம் வாடகை கட்டிட்டுத்தானே இருக்கேன்?"

வீடு ஏலத்தில் போனதே அவருக்குத் தெரியாது. உள்ளே போய் ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வந்தார். வாடகை அனுப்பிய ரசீதுகள் தேதி வாரியாக, துரு ஏறிய கிளிப்பில். அவற்றுக்குப் பின்னால் ஒரு கட்டு: கதவுக்கு அடியில் ஆபீஸ்காரர்கள் தள்ளிவிட்டுப் போன பாக்கி நோட்டீஸ்கள். சொந்தக்காரர் வந்தால் கொடுக்கலாம் என்று ஒன்றைக்கூட எறியாமல் வைத்திருந்தார். மெயின்டனன்ஸ் 90, சின்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுக்குச் சேர்க்கும் நிதி) 9, அந்த மாதம் வரைக்குமான வட்டி, எல்லாம் தனித்தனியாக இருந்தது. தரையில் உட்கார்ந்து இருவரும் எண்ணினோம். 41 மாதம், ஒன்றும் விடுபடவில்லை.

அந்தக் கட்டோடு கீழே இறங்கினேன். இந்த முறை மேனேஜரையே பார்த்தேன். அவர்கள் தலைப்புத் தாளில், அவர்கள் அச்சடித்த நோட்டீஸ்கள். மறுக்க வழியில்லை. இரண்டு நாளில் மாத வாரியாகக் கணக்கு எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள்: 4,059 பாக்கி, 676 வட்டி. 61-ஆம் நாள் லாயர் ஆபீஸில் நானே நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். தபாலை நம்பவில்லை.

ஏலம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் அந்த மாடிக்குப் போய் அக்கம்பக்கத்தில் பேசுங்கள். உள்ளே யார், எத்தனை வருஷமாக, நோட்டீஸ் வருகிறதா என்று கேளுங்கள். ஆபீஸ் சொல்லாததைப் பக்கத்து வீடு சொல்லும்.

ஆன்ட்டி அங்கேயேதான் இருக்கிறார், அதே வாடகைக்கு. பழைய சொந்தக்காரரிடம் கட்டிய டெபாசிட் அவருக்குத் திரும்ப வராது என்பதால் நான் புது டெபாசிட் கேட்கவில்லை. புது ஒப்பந்தம் எழுதி முத்திரை வரியும் கட்டிவிட்டேன். அவருடைய நகலை அந்த நீல ஃபைலில் முதல் தாளாக வைத்துக்கொண்டார்.