செமினோல் போர்: வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 4

ஃபிளோரிடாவிலிருந்து செமினோல் பழங்குடியினரை அப்புறப்படுத்த அமெரிக்கப் படை 1835 முதல் 1842 வரை நடத்திய இரண்டாம் செமினோல் போரைப் படித்து வருகிறேன். இன்று அமெரிக்க மேஜர் டேட் படையின் முடிவு. 1835 டிசம்பர் 28 அன்று நூற்றுச் சொச்சம் வீரர்கள் கிங் கோட்டைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். ஆபத்தான ஆற்றுத் துறைகளைத் தாண்டியாயிற்று என்று பக்கவாட்டில் காவல் போடவில்லை. குளிருக்காகத் தோட்டாப் பெட்டியையும் மறைத்து மேலங்கியைப் பொத்தான் போட்டு மூடியிருந்தார்கள். புதருக்குள்ளிருந்து பாய்ந்த முதல் சரமாரியிலேயே ஏறக்குறையப் பாதிப் பேர் விழுந்தார்கள். அந்தப் பொத்தான்கள் மனதை விட்டு அகலவில்லை.

ஜூன் 5

1836இல் ஜெனரல் ஸ்காட் மூன்று திசைகளில் படை நடத்தி வளைக்கப் பார்த்தார். சதுப்பில் எந்தப் படையும் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. வளைப்பதற்கு உள்ளே ஆளும் இல்லை.

ஜூன் 8

ஓக்கிச்சோபி ஏரி, 1837 கிறிஸ்துமஸ் நாள். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் செமினோல்கள். எதிரே இடுப்பளவு சேறும் நீரும், ஆளுயரத்துக்கு ரம்பப்பல் கோரையும். குறிபார்க்க வசதியாகக் கோரையை வெட்டி வழி திறந்திருந்தார்கள். துப்பாக்கி அசையாமலிருக்க மரங்களில் வெட்டுத்தடம் போட்டிருந்தார்கள். கர்னல் ஜக்கரி டெய்லர் அதற்குள் நேராகப் படையை இறக்கினார். முன்னால் போனவர்கள் மிசௌரி தன்னார்வலர்கள். 26 பேர் இறந்தார்கள், 112 பேருக்குக் காயம். செமினோல்கள் இருந்த மேட்டைப் பிடித்தபோது அவர்கள் கலைந்து மறைந்திருந்தார்கள். இதற்கு வெற்றி என்று பெயர், டெய்லருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. எனக்கு ஆறவில்லை.

ஜூன் 9

களத்தில் பிடிக்க முடியாத செமினோல் தலைவர் ஓசியோலாவை 1837 அக்டோபரில் வெள்ளைக் கொடியின் கீழ் பேச வந்தபோது பிடித்தார்கள். உத்தரவு அப்போது அமெரிக்கப் படையை நடத்திய ஜெனரல் ஜெசப்புடையது. மூன்று மாதங்களில் ஓசியோலா சிறையிலேயே இறந்தார். இதை எந்தப் போர் நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியாது.

ஆனால் 1838 பிப்ரவரியில் அதே ஜெசப், செமினோல்களைத் தெற்குச் சதுப்பிலேயே வாழ விட்டுவிடலாம் என்று வாஷிங்டனுக்கு எழுதுகிறார். போர்த்துறைச் செயலர் பாயின்செட் மறுத்துவிட்டார். பதிலுக்காகக் கோட்டையருகே நம்பிக் காத்திருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை ஜெசப் சுற்றி வளைத்துப் பிடித்தார். அதன்பின் பேச வருகிறேன் என்று எவன் வருவான்?

ஜூன் 12

கியூபாவிலிருந்து மோப்ப நாய்களைக்கூட வரவழைத்தார்கள்; தண்ணீர் நிறைந்த நிலத்தில் அவை பயன்படவில்லை. நிரந்தரப் படையில் மட்டும் ஏறக்குறைய 1,500 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் நோயால். 1842 ஆகஸ்டில் கர்னல் வொர்த் போர் முடிந்ததாக அறிவித்தபோது, எஞ்சிய சில நூறு செமினோல்களைத் தெற்கிலேயே இருக்க விட்டார்கள். நான்கரை ஆண்டுகளுக்கு முன் ஜெசப் கேட்டதும் இதைத்தான்.