மாவு பொங்கியது, சளி போகவில்லை

இரண்டு நாளாகச் சளி. பக்கத்து வீட்டு அக்கா, போன தடவை மிச்சமிருந்த அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டையை நீட்டினார். "நாலு மாத்திரைதான் இருக்கு, போட்டுக்கோ தம்பி." வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். அடுப்படியில் பொங்கி வழிந்துகொண்டிருந்த இட்லி மாவைக் காட்டினேன்.

மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு பாக்டீரியாவுக்கு. லூக்கோநாஸ்டாக் என்று பேர். உளுந்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. சர்க்கரையைத் தின்று, புளிப்பையும் கரியமில வாயுவையும் விட்டு, தானே இரண்டாகப் பிரிந்து பெருகும். முழுசாக ஓர் உயிர். சுற்றிலும் சுவர் உண்டு. அமாக்சிசிலின் கெடுப்பது பாக்டீரியாக்கள் இந்தச் சுவரைக் கட்டும் வேலையைத்தான்.

சளிக்குக் காரணம் பெரும்பாலும் ரைனோவைரஸ். அதற்குச் சுவரும் இல்லை, சாப்பாடும் இல்லை. மரபுச் செய்தியைத் தாங்கும் ஒரு துண்டு ஆர்.என்.ஏ., மேலே புரத உறை, அவ்வளவுதான். குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். மாவில் விட்டால் சும்மா கிடக்கும். நம் மூக்கின் செல்லுக்குள் புகுந்துவிட்டாலோ, அந்தச் செல்லையே வேலை வாங்கித் தன்னை நகலெடுத்துக்கொள்ளும். இல்லாத சுவரை மாத்திரை எங்கே போய்த் தேடும்?

"அப்போ வைரஸுக்கு உயிர் இருக்கா, இல்லையா?" என்றார் அக்கா. நல்ல கேள்வி! 1935இல் வெண்டெல் ஸ்டான்லி என்ற அமெரிக்க வேதியியலாளர், புகையிலைத் தேமல் வைரஸை உயிரற்ற உப்பைப் போலப் படிகமாக்கிக் காட்டினார். படிகமான பிறகும் அது செடிக்கு நோய் தந்தது. இன்னும் வாதம் ஓயவில்லை.

அக்கா அட்டையை மடித்துக்கொண்டு, ஒரு கிண்ணம் மாவும் வாங்கிப் போனார்.